மேற்குத் தோப்பின் ஏழு வாய்கள்

ஒரான்,
3 ஜூன் 2011

மாப்பிள்ளை பல்ஹாஜ்,

பன்னிரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனியும் பேசாமல் இருந்தால் அதற்குப் பொறுமை என்று பெயரில்லை, உடந்தை என்று பெயர்.

நேற்றைய பத்திரிகையில் உன் படம் பார்த்தேன். வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, கையில் மண்வெட்டி. மண்வெட்டியை நீ பிடித்திருந்த லட்சணத்திலேயே அது படத்துக்காக யாரோ கையில் கொடுத்தது என்று தெரிந்தது. ‘தெலூத் தன் ஆற்றை மீட்டது’ என்று தலைப்பு. நாற்பது வருஷமாகக் கட்டட இடிபாட்டையும் சாக்கடையையும் கொட்டி மூடிய வாதியை, மழை பெய்தால் மட்டும் ஓடுகிற நம் பாலைவன ஆற்றை, தூர் வாரியிருக்கிறீர்கள். கரையில் சிறுசவுக்கு நட்டிருக்கிறீர்கள். தோப்புகளுக்குத் தண்ணீர் பிரிக்கிற பழைய மடையணையைக் கல் கல்லாகத் திரும்ப எழுப்பியிருக்கிறீர்கள். நல்ல காரியம். இதையே செய்யச் சொல்லி, நகரசபையில் நில அளவையாளனாக இருந்தபோது நான் மூன்று மனு எழுதினேன். மூன்றாவது மனு திரும்பி வந்தபோது அதன் மேல் யாரோ டீ டம்ளர் வைத்த வட்டம் இருந்தது. எனக்குக் கிடைத்த பதில் அந்த வட்டம்தான்.

படத்தில் உன் முதுகுக்குப் பின்னால் மடையணை. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். மேற்குத் தோப்புப் பக்கம் ஏழு வாய்கள். ஏழும் திறந்திருக்கின்றன.

என் கேள்வி ஒன்றே ஒன்று: ஏழும் முழு அகலமா?

நம் தோப்புச் சந்து வருஷம் முழுக்கத் தெரு, வருஷத்தில் ஒரு நாள் கால்வாய். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மண்சுவர், நடுவில் மூன்று மீட்டர். மடை வாய் வழியாக வரும் வெள்ளம் அந்தச் சந்தில் ஓடித்தான் தோப்பு தோப்பாக இறங்கும். இங்கே பள்ளிக்கூடத்தில் என்னோடு கணக்கு நடத்துகிறவர்களிடம் இதைச் சொன்னால், “தெருவுல ஆறு விடுவீங்களா?” என்று சிரிக்கிறார்கள். விட்டோம். வெள்ளம் வந்தவரை விட்டோம். இப்போது அந்தச் சந்தில் எத்தனை வீடு? நீயும் என் தங்கையும் இருப்பதும் அங்கேதானே?

ஆமாம், முதல் வீடு என் தகப்பனார் தோப்பில்தான் எழுந்தது. வெளியூர்க் கட்டடக்காரனுக்கு, வெள்ளப் பங்கோடு சேர்த்து விற்றவன் நான்தான். ஏன் விற்றேன் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. இனிமேல் கேட்டாலும் சொல்லமாட்டேன். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் என் பெயரை வாசித்து விலக்கி வைத்தீர்கள். ஸலாம் இல்லை, பேச்சு இல்லை, ஒரு தட்டில் கை வைக்க உரிமை இல்லை. சரி. எனக்குப் பின்னால் முப்பத்தொரு தோப்புகள் விற்கப்பட்டன. பதினாலாவது உன் அண்ணனுடையது. அவர்களில் யார் பெயரையாவது வாசித்தார்களா? கூட்டம் சேர்ந்துவிட்டால் பாவம் வழக்கமாகிவிடுகிறது.

கேள்விக்குப் பதில் எழுது. மற்றதற்கு உன் பதில் எனக்குத் தேவையில்லை.

ஹம்மு


தெலூத்,
19 ஜூன்

மச்சான்,

ஸலாம் எழுத எனக்கு அனுமதியில்லை. எழுதியதாக வைத்துக்கொள்.

கடிதத்தை இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருந்தேன். பிறகு யோசித்தேன். விலக்கி வைத்தவனோடு பேசக்கூடாது, சேர்ந்து உண்ணக்கூடாது என்றுதான் விதி. எழுதக்கூடாது என்று எங்கேயும் இல்லை. பள்ளிவாசல் சபைத் தலைவர் ஷேக் யஹ்யாவிடம் கேட்டால் ‘இருக்கிறது’ என்று சொல்லிவிடுவார். அதனால் கேட்கவில்லை.

நான் எழுதும்போது உன் தங்கை ஸெத்தி பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரிக்கிறாள்.

“அண்ணனுக்கு மூட்டுவலி எப்படி இருக்குன்னு கேளுங்க.”

“பேசக்கூடாது, ஸெத்தி.”

“நான் உங்ககிட்டதானே பேசறேன்? காதுல விழுந்ததை நீங்க எழுதினா அது உங்க பாவம்.”

எழுதிவிட்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஏழும் முழு அகலம். பதிவேட்டில் உள்ளபடி பத்து பேரீச்சை மரத்துக்கு ஒரு விரல் அகலம். மேற்குத் தோப்புக்கு நாலாயிரம் மரம், நானூறு விரல், ஏழு வாய். கொத்தனார் கஸீம் ஒவ்வொரு அளவுகல்லையும் விரல் வைத்து அளந்தான். வெள்ளப் பொறுப்பாளர்கள் ஒன்பது பேரும் நின்று பார்த்தோம். என் விரலை வைக்கலாமா என்று கேட்டதற்கு அவன், “உங்க விரல் பேனா புடிச்ச விரல், சன்னமா இருக்கும், தோப்புக்காரன் வயித்துல அடிச்சுடாதீங்க” என்றான். எல்லோரும் சிரித்தோம். நீயும் இருந்திருந்தால் சிரித்திருப்பாய். இல்லை, நீ சிரித்திருக்க மாட்டாய்.

கடைசிக் கல் வைத்து ஃபாத்திஹா ஓதினோம். கிழவர்கள் அழுதார்கள். உனக்கு அது படமாகத் தெரிகிறது. கிணற்றுத் தண்ணீரில் சாக்கடை நாற்றம் வர ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. வெள்ளம் மண்ணில் இறங்கினால்தான் கிணறு தெளியும். இருபது வருஷமாக இந்த மண் வெள்ளம் குடிக்கவில்லை.

சந்தில் அறுபத்துநாலு வீடு. கடைசியிலிருந்து நாலாவது எங்களுடையது. சந்து முடிகிற இடத்தில், பழைய தேங்குகுளத்தின் மேல், ஊர்க் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். அக்டோபர் ஆறாம் தேதி பத்தொன்பது மாப்பிள்ளைகளுக்கு ஒரே நாளில் கல்யாணம். பெண்கள் கூட்டம் மூன்று நாள் அந்த மண்டபத்தில். மணப்பெண்களில் ஒருத்தி என் மகள், உன் மருமகள் மினா. இதை எழுதச் சொன்னது ஸெத்தி இல்லை, நான்.

விற்றவர்களைப் பற்றி நீ எழுதியது நிஜம்தான். ஆனால் முதல் செங்கலை உருவியவன், சுவர் ஏன் விழுந்தது என்று கேட்கக்கூடாது மச்சான்.

பல்ஹாஜ்


ஒரான்,
2 ஜூலை

பல்ஹாஜ்,

கேட்பேன். எந்தச் செங்கல் முதலில் போனது என்று தெரிந்தவன் நான்தான்.

மூட்டுவலி அப்படியே இருக்கிறது என்று உன் காதில் போட்டு வை. பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்டால் அது உன் பாவமில்லை.

இப்போது கணக்கு. மேற்குத் தோப்பில் இன்று எத்தனை மரம் நிற்கிறது என்று நீ எழுதவில்லை. நான் செயற்கைக்கோள் படத்தில் எண்ணினேன். நாற்பத்தொன்று. உங்கள் பதிவேட்டின் நியாயப்படி நாற்பத்தொரு மரத்துக்கு நாலு விரல். நீங்கள் திறந்து வைத்திருப்பது நானூறு விரல். நாலாயிரம் மரமும் அவற்றின் பாத்திகளும் குடிக்க வேண்டிய தண்ணீரை, தார் போட்ட ஒரு சந்துக்குள் அழைக்கிறீர்கள். அந்தக் காலத்தில் சுவரில் முப்பது அடிக்கு ஒரு துளை இருந்தது. தண்ணீர் போகப் போகக் குறையும். இன்று அந்தத் துளைகளெல்லாம் கார் நிறுத்துகிற இரும்புக் கதவுகள். மிச்சத் தண்ணீர் போய் நிற்பதற்குக் கடைசியில் குளம் இருந்தது. அங்கே மண்டபம். தண்ணீர் உள்ளே வர வாசல் ஏழு. வெளியே போக ஒன்றுகூட இல்லை.

நான் ஆற்றுக்கு எதிரியில்லை. ஆற்றுக்கு அதன் படுகையைத் திருப்பிக் கொடுத்தீர்கள், அது புண்ணியம். படுகை இப்போது சுத்தமாக இருக்கிறது, எவ்வளவு பெரிய வெள்ளத்தையும் நேராகக் கீழ்த்தோப்புகளுக்குக் கொண்டுபோகும். அங்கே இன்னும் மரம் இருக்கிறது, மண் இருக்கிறது, கிணறும் தெளியும். மேற்குப் பக்கம் ஆறு வாய்களைப் பலகை வைத்துக் களிமண் பூசி அடையுங்கள். கஸீமுக்கு அரை நாள் வேலை. ஏழாவதிலும் நாலு விரல் விட்டால் போதும்.

பொறுப்பாளன் என்ற பட்டத்தை வைத்துக்கொண்டு நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒன்பது பேரில் எட்டுப் பேருக்குப் பெருக்கல் வராது என்பது எனக்குத் தெரியும். உனக்கு வரும். உன் பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

ஹம்மு


தெலூத்,
28 ஆகஸ்ட்

மச்சான்,

பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். “உங்க விரல் சன்னம்” என்று கஸீம் சொன்னதைவிட, பெருக்கலைப் பற்றி நீ சொன்னது அதிகமாகக் குத்தியது. ஆனால் இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை.

இருபதாம் தேதி தெற்கு மேட்டில் மழை. இங்கே ஒரு துளி இல்லை. பகல் பதினொரு மணிக்கு மேல்வாதிக் காவலர்கள் வெள்ளம் வருகிறதென்று துப்பாக்கியால் சுட்டார்கள், மூன்று வெடி. ஊரே மடையணைக்கு ஓடியது. முதலில் நுரை, பிறகு சருகும் ஆட்டுப் புழுக்கையும், பிறகு செம்மண் தண்ணீர், கணுக்கால் ஆழம். ஏழு வாயிலும் சமமாகப் பிரிந்து இறங்கியது. நான் பார்த்த அழகான காட்சி அதுதான், உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்? பெண்கள் குலவை போட்டார்கள். சந்தில் பிள்ளைகள் விழுந்து புரண்டன. ஷேக் யஹ்யா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நின்றார்.

ஒரு மணி நேரத்தில் ஆறு வற்றிவிட்டது. சந்து வற்றவில்லை. மண்டபத்துச் சுவரடியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. கணுக்கால் ஆழத்தில் மடையில் நுழைந்தது, எங்கள் வாசலில் முழங்காலுக்கு வந்தது. ஸெத்தி ஒரு குச்சியால் அளந்து அதை என் முன்னால் போட்டாள்.

ஈரம் ஏறியதில் வாசல் சுவரின் சிமெண்டுப் பூச்சு உப்பி விழுந்தது. பூச வந்த கஸீம் ஏணியில் நின்றபடியே, “இங்க வாங்க” என்றான். பூச்சுக்குள்ளே பழைய மண்சுவர். அதில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே வண்டல் படிந்து வழவழவென்று இருக்கிறது, மேலே இல்லை. கோடு எங்கள் கதவு நிலையின் மேல்சட்டத்துக்கு ஒரு சாண் மேலே.

“இது என்னடா?”

“பெருவெள்ளம் வந்து நின்ன மட்டம். எங்கப்பா காலத்துல இருக்கும்.”

“அப்ப தோப்பு குடிச்சுதே.”

“குடிச்சதுக்கு மேல மிச்சம்தான் இது,” என்றான். கரண்டியைத் துடைத்துக்கொண்டு, “பூசிடவா, விட்டுடவா?” என்று கேட்டான். விட்டுவிடச் சொன்னேன். அடுத்த வீட்டிலும் சுரண்டிப் பார்த்தோம். அதே மட்டம். நீர்மட்டக் குழாய் வைத்துப் பிடித்தாற்போல்.

மறுநாள் சபைக்குப் போனேன். நீ எழுதிய கணக்கை என் கையால் படியெடுத்துக் கொண்டுபோய் வாசித்தேன். நன்றாகத்தான் கேட்டார்கள். இரண்டு பேர் தலையாட்டினார்கள். பிறகு ஷேக் கேட்டார்: “கணக்கு யாருடையது?”

நான் பொய் சொல்கிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

பெயரைச் சொன்னதும் ஷேக் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார். கோபப்படவில்லை. “பல்ஹாஜ், தோப்பை வித்தவன், இப்ப அதுக்குத் தண்ணியும் விடாதேங்கறான். அவன் ஆரம்பிச்சதை நம்ம கையால முடிக்கச் சொல்றான். உனக்கு விளங்கலையா?” என்றார். கோட்டைப் பற்றிச் சொன்னேன். “அந்தப் பேரைச் சொன்னதுக்கு அப்புறம் எந்தப் பேச்சும் செல்லாது” என்று நிறுத்திவிட்டார்கள்.

வழக்கமும் குறுக்கே நிற்கிறது. ஃபாத்திஹா ஓதி வைத்த அளவுகல்லை ஒரு வெள்ளம் பார்க்காமல் தொடக்கூடாது. ஆகஸ்டில் வந்தது கணக்கில் சேராது, மடையணையில் முழங்கால் உயரத்தில் பதித்திருக்கும் முழங்கால்கல் நனையவில்லை.

வழி ஒன்றுதான் இருக்கிறது. நீ வா. பள்ளிவாசலில் எல்லோர் முன்னும் எழுந்து நின்று ‘செய்தது பிழை’ என்று ஒரு வார்த்தை சொல். அன்றைக்கே உன் சொல்லுக்கு உயிர் வந்துவிடும். ஷேக்கே உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கணக்குக் கேட்பார். பருவ வெள்ளம் செப்டம்பர் கடைசியில் தொடங்கிவிடும்.

பல்ஹாஜ்


ஒரான்,
6 செப்டம்பர்

பல்ஹாஜ்,

வரமாட்டேன்.

முப்பத்தொரு பேரும் முதலில் வரிசையில் நிற்கட்டும். உன் அண்ணன் பதினாலாவது இடத்தில் நிற்கட்டும். எல்லோரும் சொல்லி முடித்த பிறகு முப்பத்திரண்டாவதாக நான் சொல்கிறேன். இரண்டும் இரண்டும் நாலு என்று ஒரு சபை ஒத்துக்கொள்வதற்கு நான் மண்டியிட வேண்டுமா?

கோட்டைக் கண்ணால் பார்த்திருக்கிறாய். உன் மகளுக்கு எந்த மண்டபத்தில் மருதாணி வைக்கப்போகிறார்கள் என்று உனக்குத் தெரியும். பலகை இருக்கிறது, களிமண் இருக்கிறது, உனக்குக் கை இருக்கிறது. என்னை ஏன் கூப்பிடுகிறாய்? நீயே அடை. பொய் சொல்லாதவன் என்ற பெருமையால் தண்ணீரைத் தடுக்க முடியாது.

ஹம்மு


தெலூத்,
15 செப்டம்பர்

மச்சான்,

அடைத்தேன்.

திங்கட்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு, வெயிலில் நாய்கூட வெளியே வராத நேரத்தில், இரண்டு நீளப் பலகையும் ஒரு ரம்பமும் ஒரு கூடைக் களிமண்ணும் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு வாய்களை அடைத்தேன். மூன்றாவதுக்குப் பலகை வெட்டும்போது ரம்பம் நழுவி விரலை அறுத்துக்கொண்டேன். களிமண்ணில் என் ரத்தம் இருந்தது, யார் வேலை என்று தேடத் தேவையில்லாமல் போயிற்று. கட்டோடு சபையில் நின்றேன்.

“யார் அடைச்சது?”

“நான்தான்.”

“உனக்கு யார் சொன்னது?”

தலையைக் குனிந்து விரல் கட்டை இறுக்கினேன். அதுவே பதிலாகிவிட்டது.

என்னைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெயரை வாசிக்கவில்லை, மகள் கல்யாணம் முடியட்டும் என்று விட்டிருக்கிறார்கள். பலகைகளைப் பிடுங்கி வாய்களைக் கழுவி, திரும்பவும் ஃபாத்திஹா ஓதினார்கள். ஏழும் திறந்திருக்கின்றன. முழு அகலம். இப்போது மடையணையில் முறை வைத்துக் காவல் வேறு.

உன் தங்கை சும்மா இருக்கவில்லை. சந்தில் வீடு வீடாகப் போனாள். கோட்டைக் காட்டி, மண்டபம் வேண்டாம், மேட்டில் யார் வீட்டிலாவது வைத்துக்கொள்ளலாம் என்று பெண்களிடம் கெஞ்சினாள். ஒருத்தி கேட்டாளாம்: “உங்க அண்ணன் கடுதாசி வந்துச்சா?” அவ்வளவுதான். சிரிப்பு. “அந்த ஆளு வித்த தோப்புல நாங்க குடியிருக்கறது அவருக்குப் பொறுக்கலை” என்றாளாம் இன்னொருத்தி. காசு கொடுத்து அந்த வீட்டை வாங்கியவள்.

ஸெத்தி திரும்பி வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். “அண்ணன் பேரைக் கேட்டதும் காதைப் பொத்திக்கறாங்க. இப்ப நம்ம பேருக்கும் அதேதான்” என்றாள். அதன் பிறகு அவள் சொன்னதை நான் அப்போதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

“கல்யாணத்துல மூணு நாளும் துப்பாக்கி வெடிப்பாங்க இல்ல? மேல இருந்து காவக்காரன் வெடிச்சா அது வெள்ளம்னு யாருக்குத் தெரியும்? மண்டபத்துக்குள்ள இருந்துக்கிட்டு நாங்க குலவைதான் போடுவோம்.”

நீ வந்து நின்றாலும் இனிப் பயனில்லை. கல்யாணங்கள் முடியும்வரை சபை இந்த மாதிரிக் காரியத்துக்குக் கூடப்போவதில்லை. மினாவை மட்டும் அனுப்பாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். “பதினெட்டுப் பேர் பொண்ணை உள்ள விட்டுட்டு நம்ம பொண்ணை மட்டும் வெளிய நிறுத்தறதா?” என்றாள் ஸெத்தி. மினாவும் போகத்தான் போகிறாள்.

நேற்றிலிருந்து தெற்கே அடிவானம் ஈயம் பூசினதுபோல் இருக்கிறது. தோப்பில் நாற்பத்தொரு மரத்திலும் ஒரு புறா இல்லை.

பல்ஹாஜ்


ஒரான்,
22 செப்டம்பர்

பல்ஹாஜ்,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. அப்போது என் பெட்டி கட்டி வாசலில் இருந்தது. இதை நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. வியாழக்கிழமைப் பேருந்துக்குச் சீட்டு வாங்கியிருந்தேன். என்ன சொல்லப்போகிறேன் என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன். ‘செய்தது பிழை’ என்பதில் முதல் வார்த்தை வந்தது, இரண்டாவது வரவில்லை. பேருந்தில் இருபது மணி நேரம் இருக்கிறதே, அதற்குள் வந்துவிடும் என்று நினைத்தேன். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பெட்டியைப் பிரித்தேன். விரலுக்கு மருந்து போட்டாயா?

பிறகு உட்கார்ந்து சந்துக்காரர்களுக்கு ஓர் அறிக்கை எழுதினேன். நாலு பக்கம். மேலே என் பெயர், படிப்பு, நகரசபையில் வகித்த பதவி. அடுத்து மூன்று மனுக்களின் தேதிகள். அதற்கடுத்து விற்ற முப்பத்தொரு பேரின் பட்டியல், வரிசை எண்ணோடு. தண்ணீரின் கணக்கு நாலாம் பக்கத்தில் வந்தது.

கீழே தெருவில் கணினிக் கடை வைத்திருக்கும் பெண்ணிடம் அச்செடுக்கக் கொடுத்தேன். என்னிடம் படித்தவள், வாய் கொஞ்சம் நீளம். தட்டிக்கொண்டே வந்தவள் மூன்றாம் பக்கத்தில் கையை எடுத்துவிட்டாள்.

“சார், இது எச்சரிக்கையா, சண்டையா?”

“இரண்டும்தான்.”

“சண்டைன்னா நல்லா இருக்கு. எச்சரிக்கைன்னா, இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள தண்ணி வந்துடும்.”

அவளை அடிக்க வேண்டும்போல் இருந்தது. தாளை வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். பட்டியலைக் கோடு போட்டு அடித்தேன். உன் அண்ணன் பெயரை அடிக்கும்போது மட்டும் பேனா நின்றது, பிறகு அதையும் அடித்தேன். மனுக்களை அடித்தேன். பதவியை அடித்தேன். மிச்சம் இருந்ததை அவள் அரைப் பக்கத்தில் அடக்கினாள். இதுதான் அது:

‘மேற்குச் சந்து வீட்டாருக்கு. உங்கள் தெரு வாசலின் பழைய சுவரில், கதவு நிலைக்கு ஒரு சாண் மேலே, பூச்சைச் சுரண்டிப் பாருங்கள். ஒரு கோடு தெரியும். கடைசியாகப் பெருவெள்ளம் வந்தபோது, தோப்புகள் குடித்தது போக மிச்சத் தண்ணீர் நின்ற மட்டம் அது. இப்போது குடிக்கத் தோப்பு இல்லை, தேங்கக் குளம் இல்லை. மடையின் ஏழு வாய்களும் திறந்திருக்கின்றன. அக்டோபர் முடியும்வரை பிள்ளைகளையும் கிழவர்களையும் மேட்டில் உறவினர் வீட்டில் வையுங்கள். மண்டபத்தில் பெண்களைக் கூட்டாதீர்கள். இந்தக் கல்யாணத்துக்கு வெடி வேண்டாம். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் அது வெள்ளம். மாடிக்கு ஏறுங்கள், சந்தில் இறங்காதீர்கள்.’

“கீழ பேரு?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு நான் பன்னிரண்டு வருஷமாகத் தயாராக இருந்தேன். பெருவெள்ளம் வரும், சந்து நிறையும், அப்போது ஒருவனாவது ‘ஹம்மு அன்றைக்கே சொன்னான்’ என்று சொல்வான். இந்தக் குளிர்ந்த ஊரில், எனக்கு ஸலாம் சொல்லாத என் ஊரை நினைத்துக்கொண்டு படுக்கும்போதெல்லாம் நான் கேட்டது அந்த ஒரு வாக்கியத்தைத்தான். இப்போது சொல்கிறேன்: அந்த வாக்கியம் காதில் விழ வேண்டுமானால் வெள்ளம் வர வேண்டும். அப்படியானால் இத்தனை நாள் நான் எதற்காகக் காத்திருந்தேன் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். பெருக்கல் தெரியாதவனுக்கும் வரும்.

பெயர் இருந்தால் அதைப் பார்த்துவிட்டுத் தாளைக் கவிழ்ப்பார்கள். இல்லையென்றால் படிப்பார்கள். யார் எழுதியது என்று மூளையைக் குடைந்துகொள்வார்கள். கஸீமாக இருக்கும் என்பான் ஒருவன், ஷேக்கே பயந்துபோய் எழுதினார் என்பாள் ஒருத்தி. எப்படியும் எவனாவது ஒருவன் ஏணி வைத்துச் சுரண்டுவான். கோட்டுக்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

“பேரு வேண்டாம்,” என்றேன். “சரி சார்,” என்றாள், ஏதோ காற்புள்ளி வேண்டாம் என்று சொன்னதுபோல்.

அறுபத்துநாலு உறை. ஒன்று முதல் அறுபத்துநாலு வரை கதவு எண்களையும் அவளே அச்சடித்து ஒட்டினாள், என் கையெழுத்தை அங்கே பாதிப் பேருக்குத் தெரியும். உன் வீட்டுக்கும் ஒன்று வரும். சபையில் கேட்டால் அந்த உறையைக் காட்டு. “யார் எழுதினது?” என்றால், “பேர் போடலை” என்று சொல். அது பொய்யில்லை. இந்தக் கடிதத்தை மட்டும் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

ஸெத்தி காதில் படும்படி ஒன்றைப் படித்துவிடு: மாடிப் படிக்கட்டில் சாமான் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடச் சொல். மினாவின் அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேண்டாம், தண்ணீர் வந்தால் வெளியிலிருந்து திறக்க முடிய வேண்டும்.

வானொலியில் தெற்கு மேட்டுக்கு இடிமழை என்று காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு இல்லையாம், அடுத்த வாரமாம். தபால் போய்ச் சேர ஆறு நாள். இரண்டில் எது முந்தும் என்று எனக்குத் தெரியாது, அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. அஞ்சலகம் மூட இருபது நிமிஷம் இருக்கிறது. அறுபத்துநாலையும் ஒரு பையில் போட்டுவிட்டேன். அனுப்புநர் என்ற இடம் எல்லாவற்றிலும் காலி. இதை மடித்து அறுபத்தைந்தாவதாக வைக்கிறேன். இதிலும் பெயர் எழுதப்போவதில்லை.